வெறுங்கூடையோடு நடந்த நாட்கள்

முதலில் நான் அந்த ரத்தத்தையே நம்பவில்லை.

போன தை மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு வயதானவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, அடுத்த வீட்டில் இருப்பவள். ஊரில் அவளை மூத்தவள் என்பார்கள், என்னை இளையவள் என்பார்கள். காரணம், எங்கள் இருவருக்கும் ஒரே பெயர். எங்கள் மலையில் இது அதிசயமில்லை. ஊர்ச் சாமியின் பெயரை வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது வைத்துவிடுவார்கள். மூத்தவளின் ரத்தம் ஒரு சின்னக் குப்பியிலும் என்னுடையது இன்னொன்றிலும் போய், ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சீட்டு எழுதி ஒட்டியவர் போனில் பேசிக்கொண்டே எழுதினார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்திலேயே வந்ததில்லை.

ஒரு வாரம் கழித்து, வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் பெண் ஒரு தாளோடு வந்தாள். மலையடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். தாளில் ஒரு எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. எனக்கு ரத்தத்தில் கெட்ட கொழுப்பு அதிகமாக இருக்கிறதாம்.

நான் என் கையைப் பார்த்தேன். எலும்பின்மேல் தோலைப் போர்த்தியது போன்ற கை. மூத்தவளோ என்னைப் போல இரண்டு பங்கு இருப்பாள். அவள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். அவளுக்கு ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூட, மற்றதெல்லாம் சரி என்று சொல்லியிருந்தார்கள். குப்பி மாறிவிட்டது என்று எனக்கு அந்த நிமிடமே தோன்றிவிட்டது.

மெலிந்தவர்களுக்கும் இது வரும் என்றாள் அந்தப் பெண். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ரத்தக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும், ஒரு நாள் நெஞ்சை அடைக்கும் என்றாள். நெஞ்சு என்றதும் நான் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சாமைக் கொல்லையிலிருந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். வாயு என்றார். நானும் வாயு என்று நம்பி ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். வியர்த்து ஊற்றியது. வியர்த்தால் வாயு இறங்கும் என்று சும்மா இருந்தேன். ஒரு மணி நேரம் போனபிறகுதான் ஜீப்பைத் தேடினோம். ஒடுகத்தூர் போய்ச் சேருமுன், கடைசி வளைவுகளில் எங்கேயோ, அவர் தலை என் தோளில் கனமாகிவிட்டது. அதற்குப் பிறகு என் வீட்டில் ஓமம் வாங்குவதில்லை.

அதனால் மாத்திரையை விழுங்கினேன். இரவு சாப்பிட்டதும் ஒன்று. ஆனால் விழுங்கும்போதெல்லாம் ஒரு சந்தேகமும் சேர்ந்தே உள்ளே போனது. இது எனக்கு வந்த மாத்திரையா, மூத்தவளுக்கு வரவேண்டிய மாத்திரையா? குப்பி மாறியிருந்தால், நெஞ்சை அடைக்கப்போகிற கொழுப்பு அடுத்த வீட்டில் அல்லவா இருக்கிறது? அவள் மாத்திரையும் இல்லாமல், பயமும் இல்லாமல், தினமும் அப்பளம் பொரித்துத் தின்றுகொண்டு இருக்கிறாள். இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? "உன் ரத்தம்தான் கெட்ட ரத்தம்" என்று சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். மூத்தாரிடமும் சொல்ல முடியாது. வீட்டுக்காரரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. திருப்பூரில் இருக்கும் என் மகனிடம் போனில் சொன்னேன். நீ உன் மாத்திரையைச் சாப்பிடு அம்மா, அடுத்த வீட்டு வம்பு வேண்டாம் என்றான்.

மாத்திரை மட்டும் போதாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ரேஷன் பாமாயிலைக் குறைக்க வேண்டும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. கருவாடும் ஊறுகாயும் ருசிக்கு மட்டும். வெள்ளை அரிசியைக் குறைத்துச் சாமை, மொச்சை, கீரை. வெற்றிலையோடு போடும் புகையிலை கூடவே கூடாது. அப்புறம் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். மலைக்காரியிடம் நடக்கச் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் விடவில்லை.

"களை எடுக்கிறது, தண்ணி தூக்கிறது எல்லாம் நின்னு நின்னு செய்றது ஆயா. இது நிக்காம நடக்கணும். பேசுனா பேச வரணும், பாடுனா பாட்டு வரக்கூடாது. அந்த வேகம்."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேஸ் வந்தபிறகு விறகுக்குப் போவதில்லை. குழாய் வந்தபிறகு ஓடைக்குப் போவதில்லை. கீழே இறங்க வேன் வருகிறது. நான் நடந்ததெல்லாம் எப்போதோ நடந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை வரைக்கும் ஒரு பாதை போகிறது. பாதையின் ஓரத்தில் எங்கள் குடும்பத்தின் எட்டுப் புளியமரங்கள் வரிசையாக நிற்கின்றன. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, ஒருவருக்கு நல்ல பக்கமும் ஒருவருக்குச் சோடைப் பக்கமும் போய்விடக் கூடாது என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தார்கள். முதல் மரம் மூத்தவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு, மூன்றாவது மூத்தவர்களுக்கு, இப்படி. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் யார் மரத்துக் காய் யார் மரத்தடியில் விழுந்தது என்று சாமிக்கும் தெரியாது. அதனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று உலுக்கும் நாள் வரைக்கும் ஒரு காயைக்கூட யாரும் குனிந்து எடுக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு. ஓடைப் பக்கத்து ஏற்றத்தை விட்டால், நான் நடக்க அதைப் போலச் சமனான பாதை வேறு இல்லை. மாதமோ தை முடிந்து மாசி. காய் பழுத்து உதிர்கிற மாதம்.

முதல் நாள் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தேன். எதிரில் ஆடு ஓட்டி வந்தவர் எங்கே போகிறாய் என்று கேட்டார். எங்கள் மலையில் யாரும் வெறுங்கையோடு நடப்பதில்லை. கையில் அரிவாளோ, கயிறோ, குடமோ, இடுப்பில் கூடையோ இருக்கும். அதைப் பார்த்தாலே எங்கே போகிறாள் என்று தெரிந்துவிடும். வெறுங்கையோடு போகிறவள் ஒன்று சண்டைக்குப் போகிறாள், இல்லை கடன் கேட்கப் போகிறாள். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனேன். அவர் நின்று நான் போவதையே பார்த்தது என் முதுகுக்குத் தெரிந்தது.

மறுநாள் யோசித்து ஒரு காரியம் செய்தேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு காரணம் தெரியட்டும் என்று ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். புளி உதிர்கிற மாதத்தில், புளியமரப் பாதையில், விடிந்தும் விடியாமல், கூடையோடு. இப்போது நினைத்தால் என்னையே நான் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

பத்து நாள் போயிருக்கும். குழாயடியில் நாலைந்து பெண்கள் நிற்கும்போது மூத்தவள் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி பேசினாள்.

"வெறுங்கூடைய தூக்கினு போறா. வெறுங்கூடையத்தான் தூக்கினு வர்றா. நடுவுல புளி எங்க போவுதுன்னுதான் எனக்கு வெளங்கல."

பெண்கள் சிரித்தார்கள். காலியான கூடையோடு திரும்புவதுதான் எனக்குச் சாட்சி என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கோ அதுதான் திருட்டுக்குச் சாட்சி. ஓடைப் பக்கம் கொட்டி மறைத்து வைக்கிறேனாம். என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் தப்பாகவே தெரிந்தது. ஆவியில் வேகவைத்துத் தின்பதால் என் வீட்டில் தாளிக்கிற சத்தமே இல்லை. அவள் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. எனக்கு யாரோ ரகசியமாகச் சோறு கொண்டுவந்து தருகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சாமை வாங்க வியாபாரி வேன் கொண்டுவந்தபோது, வருடா வருடம் மொத்தத்தையும் போடுகிற நான் ஒரு மூட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டேன். நாங்கள் சாமையை விற்றுவிட்டு ரேஷன் அரிசி தின்கிறவர்கள். மூட்டையை எதற்கு வைத்திருக்கிறாள், பங்காளிக்குத் தெரியாமல் யாரிடமோ பேரம் பேசுகிறாள் என்றார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது வெற்றிலை. சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தலில் மூத்தவள் தன் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுத்து, சுண்ணாம்பு தடவி, புகையிலை வைத்து மடித்து என்னிடம் நீட்டினாள். ஊர் பார்க்க அவளாக நீட்டினாள். வாங்கிப் பிரித்துப் புகையிலையை மட்டும் எடுத்துப் போட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அதைப் பிரிக்க எனக்குக் கூச்சம். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன். கொடுத்த வெற்றிலையை வாங்காவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், உன் உறவு வேண்டாம் என்பது. மூத்தவள் அந்த மடிப்பைத் தன் வாயிலேயே போட்டு மென்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை நடக்கும்போது எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

திரும்பினேன். முப்பது நாற்பது அடி தள்ளி மூத்தவள், கையில் ஒரு தடி. நான் நின்றதும் அவளும் நின்று மூன்றாவது மரத்தை அண்ணாந்து பார்த்தாள். நான் நடந்தேன், அவளும் நடந்தாள். ஓடை வரைக்கும் வந்தாள். நான் திரும்பி அவளைக் கடந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடி பின்னால் செருப்புச் சத்தம்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். நான் கூடையை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து வீசிக்கொண்டு நடந்தேன். அப்போதும் வந்தாள். எனக்கு அவள்மேல் வேறு சந்தேகங்கள் வந்தன. பாதையில் எனக்கு முன்னாலேயே போய் நாலு காயை என் மரத்தடியில் போட்டுவைத்து, நான் மிதித்தால்கூடப் பிடித்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். பஞ்சாயத்தில் சொல்வதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன். அவளிடமிருந்து தப்ப வேகமாக நடந்தேன். நான் வேகம் எடுத்தால் அவளும் எடுப்பாள். பாடினால் பாட்டு வராத வேகம் என்று அந்தப் பெண் சொன்னதை நான் எட்டியது மூத்தவளால்தான். அவள் வருவதற்கு முன் நான் நடந்ததெல்லாம் நடையே இல்லை.

இருபது நாளுக்கு மேல் இப்படிப் போனது. ஒரு பேச்சு இல்லை. ஒரு நாள் திரும்பி வரும் ஏற்றத்தில், ஆறாவது மரத்தைத் தாண்டியபோது, பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

முதலில் நான் நிற்கவில்லை. என்னைத் திரும்பவைக்க ஏதோ தந்திரம் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பத்து அடி போனேன். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் கல்மேல் உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

அன்றைக்கு ஜீப் இறங்கிய வளைவுகள் எல்லாம் எனக்குக் கண்முன்னால் வந்துவிட்டன. எப்படி ஓடினேன் என்று தெரியாது. கிட்டே போனால் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே தடியால் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"இன்னாத்துக்குமே இப்பிடி ஓட்ற? திருட்டுக்கால்தான் இந்த ஓட்டம் ஓடும்."

"அக்கா, நெஞ்சு வலிக்குதா? கை வலிக்குதா? தாடை?"

"மூச்சு வாங்குது. வயசாவல? வலியும் இல்ல ஒண்ணும் இல்ல."

"சத்தியமா சொல்லு."

"உனக்கு எதுக்குடி நான் சத்தியம் பண்ணணும்?"

நான் அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன். வியர்வை காய்கிற வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு அடங்கியது. முகம் தெளிந்தது. அப்போதுதான், தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, ஒரே பெயர், போனில் பேசிக்கொண்டு சீட்டு ஒட்டியது, நான் விழுங்குகிற மாத்திரை, சாமை மூட்டை, புகையிலை, கூடை எல்லாம். குப்பி மாறியிருந்தால் வியாதி உனக்குத்தான் அக்கா, இரண்டு மாதமாக நான் உனக்குச் சொல்லவில்லை என்றேன். என் வாழ்நாளில் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அவள் உடனே நம்பிவிடவில்லை. மாத்திரையைக் காட்டு என்றாள். வீட்டுக்கு வந்து காட்டினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாளைக் காட்டினேன். மற்றதெல்லாம் இங்கிலீஷ், எங்கள் இருவருக்கும் அதில் படிக்க வந்தது எங்கள் பெயர் மட்டும்தான். அது அவள் பெயராகவும் இருந்தது. அந்தப் பெயரை அவள் வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது.

ஆனால் மறுநாளும் அவள் என் பின்னால்தான் வந்தாள், பக்கத்தில் வரவில்லை. உலுக்கும் நாளில் எட்டு மரமும் போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் கொடுத்தன. குரங்கு என்றார் மூத்தார். மூத்தவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ஏனென்றால் என் மரங்களிலும் காய் குறைந்திருந்தது.

சித்திரையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நானும் மூத்தவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இந்தமுறை சீட்டு எழுதியது வேறொரு பெண்பிள்ளை. பெயரை எழுதிவிட்டு ஒட்டப் போனாள். மூத்தவள் முழங்கையால் என் விலாவில் இடித்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேரும்மா. வூட்டுக்காரர் பேரையும் சேத்து எழுதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுதினாள். எழுதியதை நான் கிட்டே குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இறந்துபோனவரின் பெயர் என் குப்பியில் இருந்தது. படித்தபிறகுதான் நிமிர்ந்தேன்.

தாள் வந்தபோது மாத்திரைப் பெண் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக என் வாசலில் வந்து நின்றாள். என் கெட்ட கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் குறையவேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றாள். குப்பி மாறியிருக்குமோ என்று நான் கேட்டதற்கு, மாத்திரை தின்றும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால் அது ஆரம்பத்திலிருந்தே உங்களுடையதுதான் ஆயா, குப்பி மாறவில்லை என்றாள். மூத்தவளுக்குக் கொழுப்பு சரியாக இருந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. இன்னா பண்ணீங்க என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

"இவள காவல் காத்தேன்," என்றாள் மூத்தவள்.

மெலிந்த எனக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் முழுசாக மனம் ஒப்பவில்லை. மூத்தவளுக்கு உண்மையிலேயே முதலில் ஒன்றும் இல்லையா, இல்லை இந்த இரண்டு மாதம் என் பின்னால் நடந்ததில் சரியாகிவிட்டதா, அதுவும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் கேட்டால் சிரிக்கிறாள். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடுவதில்லை.

இப்போது வைகாசி. புளியெல்லாம் கொட்டை எடுத்து, உருட்டி, பானையில் அடைத்தாகிவிட்டது. மரங்களில் தளிரைத் தவிர ஒன்றும் இல்லை. நேற்றுக் காலையும் பின்னால் செருப்புச் சத்தம் வந்தது. அடி கணக்குப் பார்த்தால் இப்போது பத்து அடிதான் இருக்கும். நான் நடந்துகொண்டே, திரும்பாமல் கேட்டேன்.

"காய்தான் ஆய்ப்போச்சே அக்கா. இன்னும் எதப் பாக்க வர்ற?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"மரம் கீதுல்ல."

அவள் என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறாளா, மரத்தைப் பார்த்துக்கொள்ள வருகிறாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆறாவது மரத்து ஏற்றம் வந்தால் மட்டும் என் காதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். செருப்புச் சத்தம் நின்றால் நானும் நின்றுவிடுகிறேன்.